குரலில் துக்கம் குறைவு

தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்துகளில், திருநெல்வேலிக்காரர்கள் யார் வீட்டுக்காவது ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், அதைச் சொல்ல வெயிலுமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். கூட அழுவதற்கு அல்ல, அழாமல் சொல்வதற்கு. அவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. பூத் போய், ரீசார்ஜ் கடை வைத்து, அதுவும் படுத்து, ஆளாளுக்குக் கையில் ஒரு போன் வந்த பிறகும் அந்த வேலை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ஊரில் அப்பா செத்துவிட்டார் என்று பம்பாயில் இருக்கும் மகனிடம் அந்தப் பக்கத்து ஆட்கள் நேராகச் சொல்வதில்லை. 'அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்ல, ஒன்னயக் கேக்காவ, ஒரு எட்டு வந்துட்டுப் போ' என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ரயிலில் இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் போக வேண்டும். கேட்கிற மகன் முட்டாள் இல்லை, அவனுக்குப் பாதி விளங்கிவிடும். விளங்காத மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவன் டிக்கெட் எடுப்பான், துணி எடுத்து வைப்பான், வழியில் இறங்கி ஒரு டீயாவது குடிப்பான். சொல்கிறவன் குரல் ஒரு நூல் பிசகினாலும் அந்த மீதிப் பாதி போய்விடும். வெயிலுமுத்துவின் குரல் பிசகாது. அதற்காக அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. சொல்லிவிட்டு வந்த அன்றைக்குச் சோறு இறங்காது, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவர் மனைவி மாரிசெல்வி அன்றைக்கு மட்டும் அவரை எதுவும் கேட்கமாட்டாள்.

கடையை மூடியபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் பம்பாயில் யார் வேலையைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள். ஏறி இறங்காத இடமில்லை. கடைசியில் செம்பூரில் ஒரு கால் சென்டரில் தெற்கத்தித் தமிழ் பேசுகிற ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பேசும் இடம் அது. பாலிசி எடுத்தவர் இறந்துபோனால் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, என்னென்ன காகிதம் அனுப்ப வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். எல்லாம் சங்கரன்கோவில், விளாத்திகுளம், தென்காசிப் பக்கத்து வீடுகள். முதல் நாள் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்ததுமே, இந்த வேலைக்கென்றே தன்னைப் பெற்றுப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நன்றாகத்தான் செய்தார். போன் எடுத்த பெண் அழுதால் அவர் அழுகைக்குள் போகமாட்டார். "சரிம்மா. பீரோவுல அவரு ஆதார் கார்டு இருக்கா, எடுத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பார். எழுந்து போய்த் தேடி எடுத்து வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு மூச்சு சீராகியிருக்கும். பேசி முடிக்கும்போது, "அண்ணாச்சி, ஒங்ககிட்டப் பேசுன பொறவு கொஞ்சம் தெம்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் மீட்டர் வந்தது. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு, ஆபீசில் எல்லாரும் மீட்டர் என்றார்கள். போனில் இரண்டு பக்கத்துக் குரலையும் கேட்டு, யாருக்குக் கோபம், யாருக்குத் துக்கம், பேசுகிற ஊழியரிடம் இரக்கம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடித்து நிறம் காட்டுகிற ஏ.ஐ. நன்றாகப் பேசினால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள். வெயிலுமுத்துவுக்குச் சிவப்பு. அந்த வாரமும் சிவப்பு, அடுத்த வாரமும் சிவப்பு.

அவருக்கு மட்டுமில்லை, இந்தி பேசுகிறவர்கள், மராட்டி பேசுகிறவர்கள் என்று பலருக்கும் விழுந்தது. எதற்காகச் சிவப்பு என்று தெரியாமல் எப்படித் திருத்திக்கொள்வது என்று சத்தம் போட்டார்கள். நியாயமான சத்தம்தான். கம்பெனியும் காது கொடுத்துக் கேட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு பொத்தானை வைத்துவிட்டது. அமுக்கினால் மீட்டர் ஏன் அப்படி முடிவு செய்தது என்று அதுவே விளக்கும். எல்லாரும் கைதட்டினார்கள். வெயிலுமுத்துவும் தட்டினார், பாவம்.

டீம் லீடர் மானசா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண், அவர்மேல் நிஜமாகவே அக்கறை உள்ளவள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் அகப்படாது. அகப்பட்டால் பழியை அங்கே இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

"முன்ன மாதிரி இல்ல அங்கிள். இப்போ ஏன் ரெட்டுனு அதுவே சொல்லிடும், பாருங்கோ."

முந்தின நாள் அவர் பேசியது திரையில் எழுத்தாக வந்தது. சில சொற்கள் பச்சையாக இருந்தன, சில சிவப்பாக. 'ஆதார் கார்டு', 'பீரோ' இரண்டும் நல்ல சிவப்பு. கீழே இரண்டு கோடுகள். ஒன்று ஏறி இறங்கி வளைந்து போயிற்று. இன்னொன்று துணி காயப்போடும் கயிறு போல நேராகக் கிடந்தது.

"ஃபிளாட்டா இருக்கே, அதுதான் உங்க வாய்ஸ். மேல இருக்கறது நல்ல ஸ்கோர் வாங்கினவாளோடது. உங்களுக்கு மைனஸ் ஆனதுல பாதி இதுனாலதான். அப்புறம் வருத்தமா ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. அவா அழறா, நீங்க நேரா கார்டு விஷயத்துக்குப் போயிட்டேள்."

"அழுததுனாலதாம்மா போனேன். கைக்கு ஒரு சோலி குடுத்தா அழுக நிக்கும்."

"எனக்குப் புரியறது அங்கிள். அதுக்குப் புரியாதே."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் எல்லாவற்றையும் கூட்டி மீட்டர் தன் தீர்ப்பை எழுதியிருந்தது: குரலில் துக்கம் குறைவு.

"என் மனசுல துக்கம் இல்லங்குதா, கொரல்ல கேக்கலங்குதா?"

"குரல்ல கேக்கலைன்னுதான் சொல்றது. மனசு வரைக்கும் அதுக்குப் போகத் தெரியாது" என்றாள் மானசா. அவள் பொய் சொல்லவில்லை. இந்தக் காலாண்டு முடிவில் ஆட்களைக் குறைக்கிறார்கள், சிவப்பில் இருக்கிறவர்கள் பெயர்தான் முதலில் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

காரணம் சொல்லாமல் ஒருவன் அடித்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது ஆற்றிக்கொள்ளலாம். காரணத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிட்டு அடிக்கிறவனை என்ன செய்ய முடியும்? அவன் சொல்வதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. குரல் நேராகத்தான் இருக்கிறது. வருத்தச் சொல் இல்லைதான். அதெல்லாம் ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், தப்பு தன்னிடம்தான் என்று வெயிலுமுத்து முடிவுக்கு வந்துவிட்டார். அதுவரை இயந்திரம் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர்.

பழக ஆரம்பித்தார். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு போனில் பதிவு செய்து கேட்பார். பச்சை வாங்கியவர்களின் பேச்சை மானசா போட்டுக் காட்டியிருந்தாள். முதலில் இறந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். ஒரு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அது போனில் கேட்க வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தொண்டையில் லேசாகச் சிக்கவிட்டு மீதியைச் சொல்ல வேண்டும்.

"என்னது, ஆரு செத்தா?" என்று மாவு பிசைந்துகொண்டே கேட்டாள் மாரிசெல்வி.

"ஆரும் சாவல. ஆபீசு."

"இது ஆபீசா? கருவாட்டுக் கொழம்புல முள்ளு சிக்குன மாதிரில்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் தொண்டைய அடைங்க. ஆங், அப்பிடி. இப்பந்தான் கேக்கதுக்கு எழவு வீடு மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மாதம் முழுக்க அவள்தான் வாத்தியார். சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது எல்லாம் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, இங்கே நிறுத்துங்க, இங்கே இறக்குங்க என்று திருத்தினாள். நல்ல காது அவளுக்கு. கோடு வளைந்தது. சிவப்பு மஞ்சளாயிற்று, ஒரு நாள் பச்சையும் வந்தது. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள், இரண்டை டிபன் பாக்ஸில் வைத்து அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. கயத்தாறுப் பக்கத்தில் ஒரு பெண், புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். போனை எடுத்ததும், "சொல்லுங்க சார், பேப்பர் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்று திடமாகத்தான் பேசினாள். எவ்வளவு பாடுபட்டுத் தன்னைக் கட்டி நிறுத்திக்கொண்டு பேசுகிறாள் என்பது வெயிலுமுத்துவுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் பெயரைச் சொன்னார், நிறுத்தினார், மூச்சை இழுத்தார், தொண்டையைச் சிக்கவிட்டார். அந்தப் பெண் உடைந்துபோனாள். போன் கீழே விழுந்தது, பிள்ளைகள் அலறுகிற சத்தம் கேட்டது. காரணப் பக்கத்தில் மீட்டர் எழுதியிருந்தது: வாடிக்கையாளர் மனம் திறந்து பேசினார். அவர் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். அடுத்த வீட்டுக்கும் அதையேதான் செய்தார். வேலை வேண்டுமே.

அதற்கப்புறம் சந்தில் ஒரு வீட்டுக்குச் செய்தி சொல்லக் கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார்.

காலாண்டின் கடைசி வாரத்தில் அவர்களுடைய ஒரே மகள் மாலதிக்குக் காய்ச்சல் என்று திருநெல்வேலியிலிருந்து போன் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் டவுனில் செல்வம் என்கிற நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். டெங்கு என்றார்கள், அணுக்கள் குறைகிறது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மாரிசெல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேருமாகப் போவோம் என்றாள்.

வெயிலுமுத்து லீவு கேட்டார். மானசா மேலே பேசிப் பார்த்துவிட்டு வந்து, லீவு உண்டு, ஆனால் இந்த வாரத்துப் பச்சை இல்லையென்றால் பழைய சிவப்பை வைத்துத்தான் கணக்குப் போடுவார்களாம் என்றாள். காய்ச்சல்தானே என்று நினைத்தார். நினைத்தது குற்றமா? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "நீ முன்ன போ செல்வி, நான் சனிக்கெழம வந்துருதேன்" என்று சொல்லி, தாதரில் அவளை நாகர்கோவில் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் மதியத்துக்கு முன்னால், ஆபீசில் இருக்கும்போது செல்வத்தின் அண்ணன் கூப்பிட்டான்.

"மாமா, மாலதிக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. கெளம்பி வாங்க."

குரல் பிசகாமல்தான் சொன்னான். ஆனால் வெயிலுமுத்துவுக்குப் பாதி, மீதி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. அந்த வாக்கியத்தை எத்தனை வீட்டில் சொன்னவர். எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

"வீட்டுக்குக் கொண்டாந்தாச்சா?" என்று கேட்டார்.

"கொண்டு போயிட்டிருக்கோம் மாமா. அத்தகிட்ட நீங்களே பேசிருங்க. செல்வத்தால முடியாது. எங்களுக்கும் கொரல் நிக்காது" என்றான்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதைச் சொல்லும்போதுகூட அவருக்குத் தன்மேல் நம்பிக்கை இருந்தது.

மானசா பக்கத்தில் உட்கார்ந்து மதுரைக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் கண் கலங்கியிருந்தது. அப்போது போன் அடித்தது. செல்வி என்று திரையில் வந்தது. எடுக்காமல் விட்டால் அதுவே சொல்லிவிடும். என்ன சொல்ல வேண்டும் என்பதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் எறங்கிட்டு, மாலதி தூங்குதா, நீ சாப்பிட்டுட்டுப் படு. இவ்வளவுதான். விடிந்தால் ஊர். ஒரு ராத்திரி கடந்துவிட்டால் வாசலில் நாலு பெண்கள் நின்று அவளைத் தாங்கிக்கொள்வார்கள்.

"என்னங்க, குண்டக்கல் வந்துட்டு. செல்வம் போன எடுக்க மாட்டங்கான். புள்ள எப்பிடி இருக்கா?"

"மாலதி" என்றார்.

சொல்லிவிட்டு நின்றது. நிறுத்த வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, அதுவாக நின்றது. ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அது போனில் கேட்கும்படியாகப் போயிற்று. குரல் தாழ்ந்து, எந்த இடத்தில் சிக்க வேண்டுமோ அதே இடத்தில் சிக்கியது.

"மாலதி... தூங்குதா புள்ள."

ரயில் நிற்கிற ஸ்டேஷனின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ சாயா விற்றுக்கொண்டு போனார்கள். மாரிசெல்வி, "சரி" என்றாள். வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் எத்தனை தடவை போட்டும் அவள் எடுக்கவில்லை.

மதுரையில் இறங்கி, கார் பிடித்து, மகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு, விடிந்ததும் அவரே ஸ்டேஷனுக்குப் போனார். செல்வமும் கூட வந்தான். வண்டி வந்தது. மாரிசெல்வி தலை சீவி, சேலை மாற்றி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் ஒரு குடும்பம், இடுப்பில் கைக்குழந்தையோடு, அவளுக்குக் கையாட்டிவிட்டு வேறு பக்கம் போனது.

"எதிர் சீட்டுக்காரவுக" என்றாள், யாரோ கேட்டதுபோல. "புள்ளைக்கு மொட்ட போடத் திருச்செந்தூர் போறாவ. ராத்திரி பூரா எம் மடியிலதான் கெடந்துச்சு. நல்ல காரியத்துக்குப் போறவுக முன்னால எப்பிடி அழுவேன்."

செல்வம் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள், ஆனால் பார்வை வெயிலுமுத்துவை விட்டு நகரவில்லை.

"ஊருல இருக்கவுகளுக்கெல்லாம் ஒரு ராத்திரி குடுத்தீய. எனக்குக் குடுக்கலியே."

"செல்வி, நான் சரியாத்தாம் சொல்லணும்னு..."

"மாலதின்னு சொல்லி நிறுத்துனீய பாருங்க. அப்பமே தெரிஞ்சு போச்சு. நாந்தான ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன், அங்க நிறுத்துங்க, தொண்டைய அடைங்கன்னு. அதே கொரலு. முன்னபின்னத் தெரியாத வீட்டுல போடுத ஆபீசுக் கொரல்ல எம் மவளச் சொல்லிட்டீய."

"நடிக்கல புள்ள. சாமி சத்தியமா நடிக்கல. தானா வந்துட்டு."

"தானா வந்தது அழுகதானா? அழுகைன்னா சொல்லுங்க. நான் மனசத் தேத்திக்கிடுதேன். பெத்த தகப்பன் அழுதாருன்னு நெனச்சுக்கிடுதேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதும், அதைக் கேட்கத்தான் நின்றாள். வெயிலுமுத்து அந்த நொடியைத் திரும்ப நினைத்துப் பார்த்தார். பெயரைச் சொன்னது, நின்றது, மூச்சு போனது, சிக்கியது. எந்த இடத்திலிருந்து தகப்பன், எந்த இடம் வரைக்கும் பழக்கம் என்று தேடித் தேடிப் பார்த்தார். அவருக்கே அகப்படவில்லை. இத்தனை வருஷம் எல்லார் வீட்டிலும் நல்ல மனசோடு பொய் சொன்ன வாய்க்கு, அன்றைக்குப் பார்த்து அவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியல செல்வி" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் நீட்டிய கையில் பையைக் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு, செல்வத்தின் தோளைப் பிடித்தபடி வாசலைப் பார்த்து நடந்தாள்.